முதல் நாள் நீங்கள் ஒரு பருந்து

புதிதாக வாங்கிவந்த கிளியைக் கூண்டோடு கூடத்தில் வைத்துவிட்டு, வீட்டிலுள்ள எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். நமக்குக் கொண்டாட்டம். அதற்கோ உயிர்ப்பயம். தன்னைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் கனமான மிருகங்கள் நாலைந்து கூடி, இரண்டு கண்ணாலும் நேருக்கு நேர் உற்றுப் பார்க்கின்றன. பறவைகளின் உலகத்தில் அப்படிப் பார்ப்பது யார்? பூனை பார்க்கும். வல்லூறு பார்க்கும். பார்த்த மறுகணம் பாயும்.

"எவ்வளவு சமத்தா உக்காந்திருக்கு பாரு!" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சமத்தெல்லாம் ஒன்றுமில்லை. இறகுகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி, கண்கூட அசையாமல் இருக்கிறதென்றால் பயத்தில் உறைந்துபோயிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அசைவைப் பார்த்துத்தான் வேட்டையாடும் பிராணிகள் இரையைக் கண்டுபிடிக்கின்றன. அசையாமல் இருந்தால் தப்பிக்க ஒரு வாய்ப்பு உண்டு. பல லட்சம் ஆண்டுகளாக அப்படித் தப்பியவற்றின் வாரிசுதான் உங்கள் கூண்டில் இருக்கிறது. அது எதைக் கண்டு பயப்படுகிறது, அந்தப் பயம் எப்படித் தெளிகிறது என்று தெரிந்துகொண்டால் கிளி வளர்ப்பில் முக்கால்வாசி தெரிந்த மாதிரி. இந்த மாதம் அதைத்தான் பேசப்போகிறோம்.

முதலில், எந்தக் கிளி? இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது.

என் அக்கா வீடு வாளையாரில். கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறி மதுக்கரை, எட்டிமடை, சாவடி எல்லாம் தாண்டினால் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிற இடம். குமரிவரை மதில்போல் ஓடுகிற மேற்குத் தொடர்ச்சி மலை, இங்கேதான் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகிக் காற்றுக்கு வழிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் என்று புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு பக்கம் மலைக்காடு, இன்னொரு பக்கம் நெல்வயல், வரப்பெல்லாம் பனைமரம். கிளிகளுக்கு வேறென்ன வேண்டும்? கதிர் முற்றுகிற நேரத்தில் பச்சைக்கிளிகள் கூட்டங்கூட்டமாகக் கத்திக்கொண்டு வந்து இறங்கும். செந்தலைக் கிளிகளும் வரும். ஆணுக்குத் தலை நாவல்பழமும் ரோஜாவும் கலந்த நிறம். காட்டுக்குள் கொஞ்சம் உயரம் ஏறினால் நீலச்சிறகுக் கிளி. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் அது உண்டு. அமெரிக்கக்காரர் அதைப் பார்க்க விமானம் ஏறி வர வேண்டும். வாளையார்ப் பிள்ளைகள் மலைப்பக்கம் கொஞ்சம் ஏறித் தலையைத் தூக்கினால் போதும்.

இவற்றில் ஒன்றைக்கூட நாம் வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். "சும்மா சொல்வாங்க, யார் பிடிக்கப்போறாங்க?" என்று நினைக்காதீர்கள். 2023-இல் சென்னையில் ஒரு திரைப்பட நடிகர் வீட்டில் வளர்ந்த இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறை எடுத்துச் சென்றது. அபராதம் இரண்டரை லட்சம் ரூபாய்.

சட்டத்தை விடுங்கள், கிளியின் பக்கத்திலிருந்து பாருங்கள். பச்சைக்கிளி தானாகக் கூடு கட்டாது. மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்திலோ, மொட்டைப் பனையின் ஓட்டையிலோ முட்டையிடும். கண்கூடச் சரியாகத் திறக்காத குஞ்சுகளை அந்தப் பொந்திலிருந்து எடுத்து, அட்டைப்பெட்டியில் அடைத்துக் கொண்டுபோகிறார்கள். வழியில் செத்துப்போகிறவை எத்தனையோ. இதை நான் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். மதுரை மீனாட்சியின் கையில் கிளி. வாளையாருக்குத் தெற்கே பாலக்காட்டுச் சிற்றூரில் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் மலையாளக் கவி எழுத்தச்சன், ராமாயணத்தையே ஒரு கிளியின் வாயால் சொல்லவைத்தார். இப்படிக் கிளியைக் கொண்டாடுகிற ஊர்களில்தான் அதன் சிறகையும் வெட்டிப் பெட்டிக்குள் அடைக்கிறோம்.

குஞ்சு ஒன்று பொந்திலிருந்து கீழே விழுந்து கிடந்தால்? எடுத்து வைத்துக்கொள்ளாமல், பெரியவர்களிடம் சொல்லி வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். வாளையார்க்காரர்களுக்கு இது சுலபம். கேரள வனத்துறைப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிற பள்ளியே அந்த ஊரில்தான் இருக்கிறது.

அப்படியானால் வளர்க்கத் தகுந்த கிளி எது? கடைகளில் "லவ் பேர்ட்ஸ்" என்று கேட்டால் ஒரு குட்டிக்கிளியைக் காட்டுவார்கள். நீலம், மஞ்சள், வெள்ளை, பச்சை, முதுகெல்லாம் கறுப்பு அலைக்கோடு. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு இனம். நம் கடைக்காரர் காட்டுவது பட்ஜெரிகார், செல்லமாக பட்ஜி. சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட நடுநாடு. 1840-இல் ஜான் கூல்ட் என்ற பறவை ஆய்வாளர் உயிருள்ள பட்ஜிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன்பிறகு உலகமெங்கும் வீடுகளிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துப் பெருகிவிட்டது. நம்மூரில் விற்கிற பட்ஜி எதுவும் காட்டிலிருந்து பிடித்ததில்லை. வைத்துக்கொள்ளச் சட்டம் தடுக்கவில்லை.

காட்டில் பட்ஜி எப்படி வாழ்கிறது என்று தெரிந்தால்தான் வீட்டில் அதன் நடத்தை விளங்கும். பாலை நிலத்தில் மழை எங்கே பெய்கிறதோ, புல் எங்கே விதைக்கிறதோ, அங்கே கூட்டமாகப் பறந்துபோகும். நல்ல மழைக்காலத்தில் ஆயிரக்கணக்கில் சேர்ந்து பறந்து ஒரே நொடியில் திசை மாறும். அந்தக் கூட்டத்தைவிட்டுப் பிரிந்து தனியாக மாட்டிக்கொண்ட பறவைதான் பருந்துக்கு இரை. ஆகவே பட்ஜியின் மனசில் ஒரே கணக்குத்தான் எப்போதும் ஓடுகிறது: கூட்டம் எங்கே? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?

கடையில் ஐம்பது பறவைகளோடு இருந்ததைப் பிடித்து உங்கள் வீட்டில் தனியாக வைத்தால் அந்தக் கணக்கு தப்பிப்போகிறது. அதனால் நான் சொல்வேன், ஒன்றாக வாங்காதீர்கள், இரண்டாக வாங்குங்கள். "ரெண்டு இருந்தா நம்மகிட்ட ஒட்டாதே" என்பார்கள். கொஞ்சம் தாமதமாகும், உண்மைதான். ஆனால் நீங்கள் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் போய் சாயங்காலம் வருகிறீர்கள். நடுவில் அது யாரோடு பேசும்? கூண்டில் கண்ணாடி மாட்டிவைப்பார்கள் சிலர். தன் உருவத்தையே துணையென்று நம்பி, தின்றதைக் கக்கி அதற்கு ஊட்டப்பார்க்கிற தனிக்கிளியைப் பார்த்தால் அந்தக் கண்ணாடியைக் கழற்றி எறியத் தோன்றும்.

கடையில் தேர்ந்தெடுக்கும்போது நெற்றியைப் பாருங்கள். கறுப்புக் கோடுகள் அலகுவரை இறங்கியிருந்தால் இளசு, மூன்று நான்கு மாதத்துக்குள்தான் இருக்கும். வயது ஏறினால் அந்தக் கோடுகள் உதிர்ந்து நெற்றி தெளிவாகிவிடும். அலகுக்கு மேலே, மூக்குத் துளைகளைச் சுற்றி மெழுகு பூசியதுபோல ஒரு தோல் தெரியும். வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் அது நீலம். பெண்ணுக்குப் பழுப்பு. இளம்பறவை சீக்கிரம் பழகும். சிறகை வெட்டித் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பறக்க முடியாத பறவைக்குப் பயம் இரட்டிப்பாகும். ஓடித் தப்ப வழியில்லை என்று தெரிந்த எந்த உயிருக்கும் அப்படித்தான்.

நிறத்தைப் பற்றி ஒரு ரகசியம். காட்டுப் பட்ஜி எல்லாமே பச்சை மஞ்சள்தான். பச்சை நிறமி என்று ஒன்று அதன் இறகில் கிடையவே கிடையாது. இறகின் உள்ளமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நீலம் தெரிகிறது. அதன்மேல் மஞ்சள் நிறமி இருப்பதால் நம் கண்ணுக்குப் பச்சை. அந்த மஞ்சளைக் கிளிகளின் உடம்பே தயாரிக்கிறது. வேறு பறவைகளுக்கு அந்த வித்தை தெரியாது. 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், நீலப் பட்ஜிகளில் அந்த மஞ்சளைத் தயாரிக்கிற புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு எழுத்துப்பிழை, பச்சைக்கிளி நீலக்கிளியாகிவிட்டது!

சரி, வீட்டுக்கு வருவோம். பட்ஜியைக் கொண்டுவருகிற பெட்டியைத் துணியால் மூடிக் கொண்டுவாருங்கள். கணவாய்க் காற்று பஸ் ஜன்னலில் அறைகிற அறைக்கு, திறந்த கூண்டை மடியில் வைத்தால் பறவை நடுங்கிப்போகும். கூண்டு எப்படி இருக்கவேண்டும்? உயரமான கோபுரக் கூண்டுகள் பார்க்க அழகு, பறவைக்குப் பிரயோசனமில்லை. பட்ஜி ஹெலிகாப்டர் மாதிரி நேர்மேலே ஏறாது, குறுக்கே பறக்கும். அகலந்தான் முக்கியம். கம்பிகளுக்கு நடுவே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது, தலை மாட்டிக்கொள்ளும். உட்கார பிளாஸ்டிக் குச்சிக்குப் பதிலாகக் கொய்யா, வேம்புக் கிளைகளை வெவ்வேறு பருமனில் கட்டுங்கள். கிளியின் காலில் இரண்டு விரல் முன்னே, இரண்டு பின்னே. ஒரே பருமனுள்ள குச்சியை நாள்முழுக்கப் பிடித்திருந்தால் பாதம் புண்ணாகும். அரளிக்கொம்பு மட்டும் கூடவே கூடாது. அதன் இலை, பட்டை எல்லாம் விஷம்.

கூண்டைச் சுவரோரமாக, உங்கள் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். பின்புறம் சுவர் இருந்தால் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று அதற்கு ஒரு நிம்மதி. கிளியின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நாலு பக்கமும் திறந்திருந்தால் நாலு பக்கமும் காவல் காக்கவேண்டியிருக்குமே, பாவம்! தரையில் வைத்தால் எல்லோரும் மேலேயிருந்து வருகிறவர்களாக ஆகிவிடுவோம். மேலேயிருந்து வருவது பருந்து. வாளையாரில் அணைப்பக்கம் போனால் கரும்பருந்தும் செம்பருந்தும் வட்டமடிப்பதைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவையே பார்த்திராத, கோயம்புத்தூர்க் கூண்டில் பொரிந்த பட்ஜிகூட, தலைக்குமேல் நிழல் விழுந்தால் பதறும்.

முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றுமே செய்யாதீர்கள். இதுதான் பிள்ளைகளுக்கு ரொம்பக் கஷ்டமான பாடம். தீனி, தண்ணீர் வையுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வீட்டுப்பாடத்தைச் சத்தமாகப் படியுங்கள். கூண்டைப் பார்க்கவே வேண்டாம். என் அக்கா மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு நீலப் பட்ஜி வந்த புதிதில், மணிக்கொருதரம் கூண்டுக்குள் கையை விட்டுப் பிடிக்கப் பார்த்தாள். அவளுடைய அப்பாரு திண்ணையில் இருந்தபடியே, "நீ புடிக்கப் போகாத கண்ணு. அது வர்றப்ப வரட்டும்" என்றார். பட்ஜியைப் பற்றி அவர் எந்தப் புத்தகமும் படித்தவரில்லை. நாற்பது வருஷம் ஆடு மாடு வளர்த்தவர்.

நாம் பேசுவதை அது கேட்கிறது. பட்ஜிக் கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுங்கூவல் உண்டு. "இங்கே இருக்கிறேன், நீ எங்கே?" என்பதாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்கிற பறவைகள் சில வாரங்களில் ஒன்றின் கூவலை மற்றொன்று கற்று, ஒரே மாதிரி கூவத் தொடங்கும். ஆண், தன் ஜோடியின் கூவலை அப்படியே படித்துக்கொள்ளும். கிளி பேசுவதன் இரகசியமே இதுதான். மனிதர்களோடு மட்டும் வாழ்கிற கிளிக்கு நாம்தான் கூட்டம். நம் குரல்தான் கூட்டத்தின் கூவல். கேட்டுப் படித்துக் குரலை மாற்றிக்கொள்கிற திறமை பறவைகளில் மூன்று வகைக்குத்தான் உண்டு: கிளிகள், பாடும் பறவைகள், பெரும்பாலும் தேன்சிட்டைவிடச் சின்னதாக இருக்கும் அமெரிக்க ரீங்காரச் சிட்டுகள். கலிபோர்னியாவில் பக் என்ற ஒரு ஆண் பட்ஜி 1,728 சொற்கள் பேசியதாகக் கின்னஸ் புத்தகத்தில் பதிவு இருக்கிறது. உங்களுடையது ஒரு சொல்கூடப் பேசாமல் போகலாம். பெண் பட்ஜிகள் பெரும்பாலும் பேசுவதில்லை. அதற்காக அதைக் குறைசொல்லாதீர்கள்.

பறவை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது தின்னத் தொடங்கினால், இறகைக் கோதத் தொடங்கினால், முதல் பயம் தெளிந்தது என்று பொருள். தலையைத் திருப்பி முதுகு இறகைக் கோதும்போது அதனால் சரியாகக் காவல் காக்க முடியாது. ஆபத்து இல்லை என்று நம்பினால்தான் அதைச் செய்யும். ஒற்றைக்காலில் நின்று தூங்குவதும், தூங்குமுன் அலகை மெல்ல அரைக்கிற "கிறுகிறு" சத்தமும் இன்னும் நல்ல அறிகுறிகள்.

இனி தினைக்கதிரின் வேலை. தினைப்புனத்தில் பரண்மேல் நின்று வள்ளி கவண் வீசி விரட்டியது யாரை? கிளிகளைத்தான். வாளையாருக்கு வடக்கே மலைக்கு அந்தப் பக்கம் அட்டப்பாடியில் இருளர் மக்கள் இன்றைக்கும் தினை, சாமை, ராகி விதைக்கிறார்கள்; கிளி விரட்டுவது அங்கே இன்றும் ஒரு வேலை. எதைத் தின்னவிடாமல் கிளியை விரட்டினோமோ, அதையே காட்டித்தான் இப்போது கிளியை அழைக்கப்போகிறோம். உதிர்த்த தினையைவிட முழுக் கதிர் நல்லது, ஏனென்றால் அது நீளம். முதல் நாள் கதிரின் ஒரு நுனியைக் கம்பி வழியாக நீட்டி, மறுநுனியை நீங்கள் பிடித்திருங்கள். உங்கள் விரலுக்கும் அலகுக்கும் நடுவே ஒரு சாண் தூரம். கை ஆடக்கூடாது. கையின் உயரம் பறவையின் நெஞ்சுக்குக் கீழே இருக்கவேண்டும், தலைக்கு மேலே போகவே கூடாது.

அது பார்க்கும். ஒரு கண்ணால் பார்க்கும், தலையைச் சாய்த்து இன்னொரு கண்ணால் பார்க்கும். கழுத்தை நீட்டி ஒரு மணியைக் கொறித்துவிட்டு விருட்டென்று பின்வாங்கும். மறுபடி வரும். அலகின் மேல்பாதியும் கீழ்பாதியும் அசைய, தடித்த நாக்கு தினைமணியை ஒரு சுழற்றுச் சுழற்றித் தோலை உரித்துத் துப்புவதை அவ்வளவு பக்கத்தில் பார்க்கிற இன்பம் இருக்கிறதே! கையை எடுக்கவேண்டியது அது பயந்து விலகும்போது. பிடிவாதமாக நீட்டிக்கொண்டே இருந்தால், தன் "வேண்டாம்" இவருக்குக் கேட்காது என்று அது முடிவுகட்டிவிடும். நீங்கள் விலகினால், இந்த மிருகத்திடம் சொன்னால் கேட்கிறது என்று புரிந்துகொள்ளும். பழக்கம் அங்கேதான் பிறக்கிறது.

நாளாக ஆகக் கதிர் சின்னதாகும், விரல் அருகே வரும். பிறகு கை கூண்டுக்குள்ளே. கடைசியில் ஒரு விரலைக் குச்சி மாதிரி நீட்டி, அதன் காலுக்குச் சற்று மேலே வயிற்றில் மெல்ல அழுத்தினால், சமநிலைக்காக ஒரு காலைத் தூக்கி விரல்மேல் வைக்கும். அப்போது அலகால் விரலைக் கவ்வினால் கடிக்கிறது என்று அலறிக் கையை உதறாதீர்கள். அலகுதான் கிளிக்கு மூன்றாவது கை. ஏறுமுன் கிளை உறுதியா என்று பிடித்துப் பார்க்கிறது, அவ்வளவுதான். சில பறவைக்கு இதெல்லாம் ஒரு வாரம். சிலதுக்கு இரண்டு மாதம். சிலது கடைசிவரை கையில் ஏறாது, தோளில் மட்டும் வந்து உட்காரும். அதன் இஷ்டம்.

பழகிவிட்டது என்பதற்கு ஒரு வேடிக்கையான சோதனை உண்டு. பட்ஜிகளுக்குள் கொட்டாவி தொற்றும். ஒன்று விட்டால் அடுத்ததும் விடும். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதனை வைத்தே காட்டியது. பாலூட்டி அல்லாத ஒரு பிராணியில் இப்படிக் காட்டப்பட்டது அதுவே முதல்முறை. உங்கள் கொட்டாவி அதற்குத் தொற்றுமா? எனக்கும் ஆசைதான், முயன்று பாருங்கள்.

தீனியில் எல்லோரும் மாட்டிக்கொள்கிற ஒரு கண்ணி இருக்கிறது. "சித்தி, கிண்ணம் நெறைய இருக்கு, இவன் தின்னவே மாட்டேங்கறான்" என்று அக்கா மகள் போனில் சொன்னாள். கிண்ணத்தை எடுத்து ஒருமுறை ஊதச் சொன்னேன். பறந்தது முழுக்க உமி. அடியில் ஒரு மணிகூட மிச்சமில்லை. பட்ஜி தோலை உரித்துக் கிண்ணத்திலேயே துப்புவதால், மேலே பார்த்தால் நிறைந்த மாதிரியே இருக்கும். தினமும் காலையில் ஊதிப் பாருங்கள். இந்த உமியினாலேயே பட்டினி கிடந்து செத்த பறவைகள் உண்டு.

தினை மட்டும் போதாது. வெறும் தானியத்தில் கொழுப்பு உண்டு, வைட்டமின் ஏ இல்லை, அயோடின் இல்லை. நாளடைவில் ஈரல் கெடும், தொண்டையில் கழலை வரும். முருங்கைக் கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். கொத்தமல்லியைத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கவிட்டால் பாதி தின்னும், மீதியில் புரண்டு குளிக்கும். காட்டிலும் பனி நனைந்த புல்லில் இப்படித்தான் குளிக்கிறது. கால்சியத்துக்குக் கடல்நுரை ஒரு துண்டு மாட்டுங்கள். பேர் அப்படியே தவிர அது நுரையே அல்ல, கணவாய் மீனின் உள்ளோடு. வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காப்பி, உப்புப் பண்டம் எதுவும் ஆகாது. வெண்ணெய்ப்பழம் சும்மா ருசிக்குக்கூடக் கூடாது, பறவைக்கு அது விஷம். கடைக்காரர் மண்கலயம் ஒன்றும் சேர்த்துத் தருவார். குஞ்சு வேண்டாம் என்றால் அதைக் கூண்டில் கட்டாதீர்கள். கலயத்தைப் பார்த்ததும் பெண்பறவை முட்டையிடத் தொடங்கி, காவல்காரியாகி, உங்களைக் கடிக்கும்.

இப்போது ஆபத்துகள். கூண்டுக்கு வெளியே பறக்கவிடுகிற நேரத்தில் நம் வீடுகளில் பட்ஜிகளைக் கொல்வது பூனையைவிட மின்விசிறி. விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இல்லாமல் பார்த்துக்கொண்டு அப்புறம் கதவைத் திறங்கள். அடுத்தது அடுப்படி. நான்-ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடாகும்போது எழும் புகை நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. பட்ஜி சில நிமிடத்தில் செத்துவிழும். ஏன்? நாம் மூச்சை இழுக்கிறோம், அதே வழியில் விடுகிறோம். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. உடம்புக்குள் இருக்கிற காற்றுப் பைகள் துருத்தியாக வேலைசெய்வதால், மூச்சை உள்ளே இழுக்கும்போதும் புதுக்காற்று, வெளியே விடும்போதும் புதுக்காற்று. பறப்பதற்கு அவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டும். நல்ல காற்றை அவ்வளவு நன்றாக உறிஞ்சுகிற உறுப்பு விஷக்காற்றையும் அதே வேகத்தில் உறிஞ்சும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை மஞ்சள் கேனரிக் குருவியைக் கூண்டில் எடுத்துப்போனது இதனால்தான். குருவி சாய்ந்தால் ஆட்கள் வெளியே ஓடிவிடுவார்கள். ஆகவே கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணிப் புகை, வாசனை ஸ்பிரே எல்லாவற்றிலிருந்தும் கூண்டைத் தள்ளி வையுங்கள்.

பாலக்காட்டுக்காரர்களுக்கு வெயில் தனிப்பாடம். மார்ச், ஏப்ரலில் 40 டிகிரி தொடுகிற ஊர். "பாலைவனப் பறவைக்கு வெயில் என்ன செய்யும்?" என்று தோன்றலாம். ஆஸ்திரேலியாவிலேயே கடும் வெப்ப அலைகளில் பட்ஜிகள் ஆயிரக்கணக்கில் மடிந்திருக்கின்றன. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைக்கும், இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடிக்கும். அந்த நேரத்தில் கூண்டை நிழலுக்கு மாற்றி, இரண்டாவதாக ஒரு தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். வெயில் காய்ச்சுகிற அதே மாதங்களில்தான் நெம்மாறை வல்லங்கி வேலா என்கிற திருவிழாவும் மற்ற ஊர்த் திருவிழாக்களும். வாணவேடிக்கைச் சத்தத்தில் இருட்டில் பட்ஜி கூண்டுக்குள் கண்மண் தெரியாமல் மோதிக்கொள்ளும். வாளையாரில் ராத்திரி முழுக்க லாரி வெளிச்சம் வேறு. பத்துப் பன்னிரண்டு மணிநேரம் அமைதியான இருட்டு அதற்கு வேண்டும். கூண்டின் மூன்று பக்கம் துணி போட்டு, மூலையில் ஒரு சின்ன விளக்கு எரியவிட்டால் பயம் குறையும்.

நோய் வந்தால் சொல்லாது. நோயாளி என்று தெரிந்தால் பருந்துக்கு முதல் இலக்கு அதுதான் என்பதால் கடைசி நிமிடம்வரை மறைக்கும். ஆனால் எச்சத்தால் மறைக்க முடியாது. கூண்டுத் தட்டில் தினமும் பழைய செய்தித்தாள் விரித்துக் காலையில் படியுங்கள், செய்தியை அல்ல! நல்ல எச்சத்தில் மூன்று பகுதி இருக்கும்: கரும்பச்சையாகச் சுருண்ட மலம், வெள்ளைச் சுண்ணாம்பு போன்ற யூரிக் அமிலம், சுற்றிலும் கொஞ்சம் தெளிந்த நீர். பறக்கிற உடம்பில் பாரம் கூடாது என்பதால் பறவைக்குச் சிறுநீர்ப்பையே இல்லை, ஒரு நாளைக்கு நாற்பது முறைக்குமேல்கூட எச்சமிடும். எண்ணிக்கை திடீரென்று குறைந்தால், நிறம் மாறினால், பறவை நாள்முழுக்க இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தால், அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். வாளையாரிலிருந்து அதே நெடுஞ்சாலையில் திருச்சூர் நோக்கிப் போனால் மண்ணுத்தியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தபால் எடை போடுகிற அல்லது சமையலறை மின்தராசு ஒன்று இருந்தால் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். முப்பது நாற்பது கிராம் உள்ள பறவைக்கு நாலு கிராம் குறைந்தால் அது பெரிய விஷயம்.

உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அலகோடு வாய்வைத்து முத்தம் வேண்டாம், கூண்டைக் கழுவியபின் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். 1929, 30-இல் அர்ஜென்டினாவிலிருந்து கப்பலில் போன கிளிகளால் பல நாடுகளில் கிளிக்காய்ச்சல் பரவியது. இன்றைக்கு மருந்து இருக்கிறது, இருந்தாலும் கை கழுவுவது சுலபம்.

இந்த மாதம் செய்துபார்க்க ஒரு சோதனை. உங்களுக்கென்று இரண்டு ஸ்வரத்தில் ஒரு சீட்டி வைத்துக்கொள்ளுங்கள். கூண்டு இருக்கிற அறையைவிட்டு வெளியே போகும்போதெல்லாம், கண்ணுக்கு மறைந்தபின் அதை ஒருமுறை அடியுங்கள். வேறு எந்த நேரத்திலும் அடிக்காதீர்கள். வீட்டில் மற்றவர்களும் வேண்டாம். பட்ஜி எத்தனையாவது நாள் பதில் கொடுக்கிறது, பதில் அதன் பழைய கூவலா அல்லது உங்கள் சீட்டியின் சாயலா, காலையில் அதிகமா மாலையில் அதிகமா என்று ஒரு நோட்டில் குறியுங்கள். பறவையின் வயதையும் மூக்குத்தோலின் நிறத்தையும் சேர்த்து எழுதி அனுப்பினால், ஆண் பெண் கணக்கை அடுத்த இதழில் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம்.